உளுந்தின் மேல் ஓடிய வண்டி

சாவியை முதல் சுற்றில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மீட்டர் பலகையில் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் சாவியை மீதிக்குத் திருப்ப வேண்டும். மாசி மாதப் பனியில் அந்த விளக்கு வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்று எரியும். ஞானசுந்தரி அதற்காக ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. காலையில் அவளைக் காக்கவைப்பதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

விளக்கு அணைந்ததும் இன்ஜின் ஓர் இருமலோடு எழுந்துகொள்ளும். மூன்று சிலிண்டர் டீசல். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஆளைப்போல முதலில் உடம்பெல்லாம் உதறும். ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் டாஷ்போர்டின்மேல் வைத்த சின்ன வேதாகமமும் சேர்ந்து நடுங்கும். பிறகு மெல்ல அடங்கி ஒரே சீராகப் பேசத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எதிர் வயலில் குனிந்திருக்கும் கோவிந்தம்மாள் நிமிராமலே குரல் கொடுப்பாள்.

"மருந்தம்மா கெளம்பிட்டா. மணி எட்டாவுது."

"ஆமாங்கக்கா" என்பாள் ஞானசுந்தரி. பல நாட்கள், வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வெளியே அவள் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

உத்திரமேரூரிலிருந்து வரும் சின்ன ரோடு குருவித்தாங்கல் ஊருக்குள் நுழைந்து, பால் சொசைட்டியைத் தாண்டி வெளியே வந்து, வயல்களுக்கு நடுவே ஓடி, காலனியைத் தொட்டு, அப்புறம் மானாம்பதி ரோட்டில் போய்ச் சேரும். ஊருக்கும் காலனிக்கும் நடுவே, ரோட்டோரமாக, ஒற்றை வீடு ஒன்று இருக்கிறது. அதுதான் ஞானசுந்தரியின் வீடு. பிறந்தது காலனியில். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை கிடைத்துச் சில வருடங்கள் கழித்து, அம்மாவுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று இந்த மனையை வாங்கிக் கட்டினாள். அதிலிருந்து காலனிக்காரர்களுக்கு அவள் ரோட்டுக்குப் போனவள். ஊர்க்காரர்களுக்குக் காலனியிலிருந்து வந்தவள். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. இரண்டு பக்கமிருந்தும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள்தான் இல்லை.

காரை வாங்கியதும் ஒரு விதத்தில் காலம் தப்பிய காரியம்தான். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஒவ்வொரு முறையும் செங்கல்பட்டுக்கு ஆட்டோவில்தான் கூட்டிப்போவாள். குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போவச் சொல்லும்மா" என்பாள். கார் வாங்க வேண்டும் என்று அப்போதே நினைத்தாள். ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, வண்டி பார்த்து முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒருவர் ஓட்டி வைத்திருந்த வண்டியை வாங்கி வந்தாள்.

ஆவடியில் இருக்கும் தம்பி சாமுவேல் போனில் சிரித்தான். "இன்னாக்கா, ஒண்டி ஆளுக்கு அஞ்சு சீட்டா?"

"டீசல் வண்டிடா. கம்மியாத்தான் குடிக்கும்."

"அதுக்கில்ல. மீதி நாலு சீட்ல இன்னா வெச்சிக்கப் போற? மாத்திரை டப்பாவா?"

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வண்டி நல்ல வண்டி. பார்ப்பதற்குப் பெரிய காரைப்போல உயரமாக நிற்கும், ஆனால் சின்னது. காலனிச் சந்தில்கூடத் திருப்பிவிடலாம். கதவைத் திறந்தால் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிடலாம். அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரம். மழைக்குப் பிறகு ரோடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லாத இடங்களிலும் அடி தட்டாமல் போகும். சின்னக் குழிகளை உதறிவிட்டுப் போகும். பெரிய குழிகளில் மட்டும் இடுப்பில் ஒரு குத்து விடும். வளைவில் கொஞ்சம் சாயும். ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அடங்கும்.

அதன் குணம் பிடிபட அவளுக்குச் சில மாதங்கள் ஆயின. இரண்டாவது கியரில் அவசரமாக மிதித்தால் வண்டி கேட்காது. ஒரு மூச்சு நேரம் யோசிக்கும். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டும்போது உள்ளே எங்கோ மெலிதாக ஒரு விசில் கேட்கும். அப்புறம் யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளியதுபோல ஓடும். ஏரிக்கரை மேட்டில் அந்தத் தள்ளலை அவள் தினமும் எதிர்பார்த்தாள். மேட்டின் அடியில் கியரைக் குறைத்து, விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, அது வந்ததும் தானாகச் சிரித்துக்கொள்வாள். லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. டீசல் போடுகிற பெண்ணிடம் ஒருமுறை சொன்னாள். "கார்டா, கேஷா மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பால் சொசைட்டிக்கு எதிரேதான் பஸ் நிற்கும் இடம். காலையில் அங்கே யாராவது நிற்பார்கள். வண்டி வந்த முதல் மாதம் ஞானசுந்தரி தினமும் அங்கே நிறுத்தினாள். சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதகிரி ஒருநாள் பையோடு நின்றார்.

"உத்திரமேரூர்தானே, ஏறுங்களேன்" என்றாள்.

"இல்லம்மா. எனக்கு ஏசி ஒத்துக்காது. சளி புடிச்சிக்கும்."

"ஏசி போடலைங்க. கண்ணாடி எறக்கித்தான் கீது."

"காத்தும் ஒத்துக்காதும்மா" என்றார் வேதகிரி. "நீ போ, பஸ்ஸு வந்துடும்."

மறுவாரம் ஊர்க்காரர் ஒருவரின் காரில், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, முன் சீட்டில் அவர் போவதைப் பார்த்தாள். ஒருவர் வாந்தி வரும் என்றார். இன்னொருத்திக்கு இன்னும் யாரோ வரவேண்டியிருந்தது. தினமும் இவளிடம் மாத்திரை வாங்கி, எது காலை எது ராத்திரி என்று இவள் சொன்னபடி விழுங்குகிறவர்கள்தான் எல்லாரும். ஆனால் மாத்திரையை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்ளலாம். கார் அப்படியில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே ஊர் நடுவில் போக வேண்டும்.

காலனிப் பெண்கள் இரண்டு மூன்று தடவை ஏறினார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஒரு பேச்சில்லை. இறங்கும்போது முந்தானையை அவிழ்த்து பஸ் சார்ஜை நீட்டினார்கள். அவள் வாங்க மறுத்தபோது அவர்கள் முகம் சுருங்கியது. அப்புறம் அவர்களும் பஸ்ஸிலேயே போகத் தொடங்கிவிட்டார்கள்.

ஞானசுந்தரிக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் தானாகக் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டே வரவேண்டும். வெயிலைத் திட்டலாம். மாமியாரைத் திட்டலாம். அவள் ஓட்டுகிற லட்சணத்தைக்கூடத் திட்டலாம். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் காலனிக்கு அப்பால் சிறுபாலம் கட்டுவதற்காக ரோட்டை வெட்டிப்போட்டார்கள். மானாம்பதிப் பக்கம் போகிற பஸ்ஸும் லாரியும் நின்றுபோயின. இதனால் எல்லாரையும்விட அதிகம் அவதிப்பட்டவள் ஊர்க்காரியான கோவிந்தம்மாள்தான். சம்பா அறுத்த வயலில் உளுந்து விதைத்திருந்தாள். செடியைப் பிடுங்கிக் காயவைத்து, ஞானசுந்தரி வீட்டெதிரே தார் ரோட்டில் அகலமாகப் பரப்பியும்விட்டாள். மற்ற வருடங்களில் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் அதன்மேல் ஏறிப் போகும். சாயங்காலத்துக்குள் காய் உடைந்து உளுந்து கொட்டிவிடும். அந்தப் பக்கத்தில் ஓட்டுகிற எவரும் பரப்பிய பயிரை ஒதுங்கிப் போகமாட்டார்கள். ஒதுங்கிப் போனால் பயிர்க்காரருக்கு மனத்தாங்கல். கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள் நிறுத்தி, ஒருமுறை பின்னால் வந்து மறுபடி முன்னால் போவார்கள். அது ஒரு உபகாரம்.

இந்த வருடம் ரோடு காலியாகக் கிடந்தது. மகன் தமிழரசன் டிராக்டரோடு காவாந்தண்டலத்தில் நெல் மூட்டை ஏற்றப் போயிருந்தான். மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூரில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஞானசுந்தரி வாசலில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டு நடுவில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். பிறகு ஞானசுந்தரியைப் பார்த்தாள்.

"ஏ சுந்தரி."

"சொல்லுங்கக்கா."

"உன் வண்டி சும்மாதான கீது?"

"சும்மாதான் கீது."

"ரெண்டு சுத்து வுட்டுக் குடேன். மழ வர்றதுக்குள்ள வாரிக்குவேன். உனுக்கு டீசல் செலவாவும், அது வேற."

ஞானசுந்தரி துணியை அப்படியே திண்டின்மேல் போட்டாள். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். இந்த வண்டி வந்த நாளிலிருந்து யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை. கோவிந்தம்மாள் கேட்டது இரண்டு சுற்று. அவள் இருபது சுற்று விடுவதற்குத் தயாராக இருந்தாள்.

உளுந்துச் செடிமேல் வண்டி ஏறியதும் சத்தமெல்லாம் மாறிவிட்டது. டயருக்கு அடியில் காய்கள் பொரிகிறமாதிரி வெடித்தன. கொடியும் தழையும் அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டு சரசரத்தன. முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே டீசல் தானாக நடந்து இழுத்தது. கடைசிவரை போய், பின்னால் எடுத்து, சக்கரம் படாத இடம் பார்த்து மறுபடி போனாள். கோவிந்தம்மாள் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கூட நடந்தாள்.

"நல்லாத்தான் ஓட்ற. எங்கூட்டு பையன்கூட இந்த மாதிரி ஓரமாப் பாத்து வுடமாட்டான்."

"நீங்களும் ஏறிக்கினு வாங்கக்கா. எங்க வுடணும்னு சொல்லுங்க."

"போடி. இந்த வயசுல எனுக்கு இன்னா கார்ல ஊர்கோலம்" என்றாள் கோவிந்தம்மாள். ஆனால் சிரித்தாள். "இன்னும் ஒரு வாட்டி போ. அந்தக் கோடிலதான் ஒடையல."

ஒரு வாட்டி பல வாட்டியாயிற்று. போதும் என்று கோவிந்தம்மாள் சொன்ன பிறகும் ஞானசுந்தரி, "இந்தப் பக்கம் இன்னும் கீதுக்கா" என்று இன்னொரு முறை போனாள். ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. அடியில் ஏதோ சுற்றிச் சுற்றித் தட்டுகிற சத்தம் வந்தது. காய்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாசனை வந்தது, வறுத்த உளுந்தின் நல்ல வாசனை. அதையும் அவள் நல்லதாகத்தான் நினைத்தாள்.

கோவிந்தம்மாள்தான் கத்தினாள். "நிறுத்துடி. பொக வருது."

நிறுத்தியதுதான் தப்பு. நகர்த்தி வெறும் தாருக்குப் போயிருக்க வேண்டும். அவள் காய்ந்த செடிக்கு மேலேயே நிறுத்தி இறங்கினாள். குனிந்து பார்த்தபோது முன் சக்கரங்களுக்கு நடுவே, அச்சைச் சுற்றி, தலையணை பருமனுக்கு உளுந்துக்கொடி முறுக்கிக் கிடந்தது. அதன் ஒரு பக்கம் சூடான சைலன்சர் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்தது.

கோவிந்தம்மாள் யோசிக்கவில்லை. கவைக்கோலை அடியில் விட்டு எரிகிற கொத்தை இழுத்து இழுத்துப் போட்டாள். ஞானசுந்தரி வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு இருவருமாக ரோட்டோரத்து மண்ணை வாரி வாரி அடித்தார்கள். தீ பெரிதாவதற்குமுன் அடங்கிவிட்டது. பரப்பியதில் ஒரு பட்டை கருகி, ஒரு பட்டை நனைந்து, மிச்சம் தப்பியது. மேகம் மழை பெய்யாமலே வடக்கே போயிற்று.

ஞானசுந்தரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. இன்ஜின் எழவில்லை. கூடவே மூன்று நான்கு விளக்குகள் அணையாமல் எரிந்தன.

சாயங்காலம் தமிழரசன் டிராக்டரோடு வந்து சேர்ந்தான். குனிந்து பார்த்துவிட்டு அம்மாவைத்தான் திட்டினான். "காருமா இது. ரோடு ரோலரா? யாரு உன்ன இதுமேல வுடச் சொன்னது?"

"நாந்தான்டா சொன்னேன். அது பாவம், கேட்டதும் வந்துச்சு."

"கட்டி இழுத்துக்கினு போயி உத்திரமேரூர்ல புருஷோத்தமன் ஷெட்ல வுடணும். ஞாயித்துக்கெழமன்னாலும் சாயங்காலம் இருப்பாரு. மேடம், நீங்க ஸ்டேரிங் புடிச்சிக்கினு குந்துங்க. சாவிய ஆன்லயே வெய்ங்க, இல்லாட்டி ஸ்டேரிங் லாக்காயிடும்."

வடக்கயிற்றைக் கட்டினான். ஞானசுந்தரி உட்கார்ந்தாள். கயிறு இறுகும்போது இடப்பக்கக் கதவு திறந்தது. கோவிந்தம்மாள் கருகிய முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள்.

"இன்னாக்கா?"

"எம்மாலதான ஆச்சு. ஒத்தையா எப்படிப் போவ? மெக்கானிக்கு உன்ன ஏமாத்திடுவான். நான் வரேன்."

சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஞானசுந்தரி இழுத்துக் கொடுத்த பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. இன்ஜின் ஓடாததால் ஸ்டீயரிங் அம்மிக்கல்லைத் திருப்புவதுபோல் இருந்தது. பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு இறுகிக் கட்டையாகிவிட்டது. ஞானசுந்தரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஓட்டினாள். அத்தனை பயத்துக்கு நடுவிலும் இடப்பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது தோளில் படுகிற வெயில்போலத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஊர் எல்லை வந்தது. கோவிந்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்தாள். பால் ஊற்றுகிற நேரம். சொசைட்டி வாசலில் கேனும் பாத்திரமுமாகப் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது.

"சுந்தரி, சொசைட்டிக்கு முன்னாலயே என்ன எறக்கி வுட்டுடு. நான் நடந்து போயி பஸ்ஸு புடிச்சிக்கினு வந்துட்றேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா... ஒண்ணுமில்ல. சனங்க வாய் சும்மா இருக்காது. உனுக்குத் தெரியாதா?"

ஞானசுந்தரிக்குத் தெரியும். கோவிந்தம்மாள் கெட்டவள் இல்லை என்பதும் தெரியும். முன்னால் தமிழரசனின் டிராக்டரில் பாட்டு உரக்கப் போய்க்கொண்டிருந்தது.

"அவனுக்குக் கேக்காது" என்றாள் கோவிந்தம்மாள். "ஆரன் அடி. நிப்பாட்டுவான்."

ஞானசுந்தரியின் கட்டைவிரல் ஹாரன்மேல்தான் இருந்தது. சாவி ஆனில் இருந்தது, பேட்டரி உயிரோடு இருந்தது. அழுத்தினால் போதும். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆரன் வேல செய்லக்கா. ஒயரு எரிஞ்சிப்போச்சி."

சொன்ன பிறகு காது சூடாயிற்று. கோவிந்தம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கீழே சரிந்தாள். சொசைட்டி வாசல் வேகத்தடையில் டிராக்டர் ஆமைபோலப் போயிற்று. எல்லாரும் பார்த்தார்கள். வேதகிரி கேனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிவரை வந்து குனிந்தார்.

"இன்னா கோவிந்தம்மா, காரு வாங்கிட்டியா?"

சரிந்திருந்தவள் நிமிர்ந்தாள். முந்தானையைத் தோளில் தள்ளினாள். "வாங்கனது இந்தப் பொண்ணு. கொளுத்தனது நானு. இழுக்கறது எம் புள்ள. போதுமா? நவுரு, சக்கரம் கால்மேல ஏறப்போவுது."

வாசலில் சிரிப்பு எழுந்தது. என்ன சிரிப்பு என்று ஞானசுந்தரிக்குப் பிடிபடவில்லை. வண்டி தடையைத் தாண்டிவிட்டது.

ஊரைக் கடந்ததும் கோவிந்தம்மாள் பேசத் தொடங்கினாள். வெட்கத்தை மறைக்கவோ, கோபத்தை மறைக்கவோ, பேசினாள். முட்டி வலியைப் பற்றிப் பேசினாள். ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி, அவளுடைய மாமியார் சோற்றில் தண்ணீர் ஊற்றி அளந்து கொடுப்பதைப் பற்றிப் பேசினாள். "இன்னாடி, மெத்து மெத்துன்னு கீது சீட்டு" என்று அழுத்திப் பார்த்தாள். "ஒசரமா குந்திக்கினு வர்றதுல வரப்புக்கு அந்தப் பக்கம்கூட தெரியுது. அந்தக் கழனி எவ்ளோ தரிசாக் கீது பாரு, பஸ்ல போனா தெரிய மாட்டுது." அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள். "இதுல ராஜகுளம் போவ எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரங்கூட ஆவாதுக்கா. டீசலும் ரெண்டு லிட்டருக்கு மேல போவாது. லிட்டருக்கு இருபத்திரெண்டு குடுக்குது."

"இருபத்திரெண்டா? பரவால்லையே" என்றாள் கோவிந்தம்மாள்.

ஏரிக்கரை மேட்டில் அன்று விசில் கேட்கவில்லை. டிராக்டர் இழுத்தது, அவ்வளவுதான். ஞானசுந்தரிக்கு அந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று இருந்தது.

புருஷோத்தமனின் ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் அடியில் படுத்து, கருகிய கொடியை வெட்டி வெட்டி வெளியே போட்டார்.

"டிராக்டருக்கு சைலன்சர் மேல கீதும்மா, வானத்தப் பாத்துக்கினு. காருக்கு அடில கீது. இவ்ளோ ஒசரமா நிக்குதேன்னு நம்பிட்டீங்க. அச்சு ரப்பர் போச்சு. சென்சார் ஒயருங்க வெந்துபோச்சு, அதான் ஸ்டார்ட் எடுக்கல. மத்ததெல்லாம் தப்பிச்சிது."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கை விட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். முகப்பு விளக்கு. வைப்பர். பிறகு ஹாரனை அழுத்தினார். ஷெட் முழுதும் கணீரென்று கேட்டது.

கோவிந்தம்மாள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். ஞானசுந்தரி தரையைப் பார்த்தாள்.

"ஆரன் நல்லாத்தான் கீது" என்றாள் கோவிந்தம்மாள். குரல் உயரவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"வுடு."

டீயை முடித்துவிட்டு, மகனுடன் டிராக்டரில்கூடப் போகாமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் தனியாக நடந்து போனாள்.

வண்டி ஷெட்டில் கிடந்த நாட்களில் ஞானசுந்தரி பஸ்ஸில் போனாள். ஊருக்குள் நடந்து, சொசைட்டிக்கு எதிரே நின்று ஏறவேண்டும். இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் பல நாட்கள் உத்திரமேரூர்வரை காலியாகவே வந்தது. முன் சீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டதிலிருந்து விஷயம் காதில் விழுந்தது. கொழுந்தன் வந்து கோவிந்தம்மாள் வாசலில் நின்று கத்தினானாம். ‘அவ கார்ல முன் சீட்ல குந்திக்கினு ஊர் நடுவுல போற அளவுக்கு ஆயிடுச்சா’ என்றானாம். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாளாம்.

எதிர் வயலில் கோவிந்தம்மாள் தினமும் இருந்தாள். குனிந்தே இருந்தாள். மணி எட்டாகிறது என்று யாரும் குரல் கொடுக்கவில்லை. ஒரு பொய்யால் ஒருத்தியைச் சிறிது தூரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டோம், அதற்கு விலையாக அவள் குரலை இழந்துவிட்டோம் என்று ஞானசுந்தரி நினைத்தாள். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை ரோட்டைத் தாண்டி வரப்புவரை போனாள். கோவிந்தம்மாளின் முதுகைப் பார்த்ததும் திரும்பி வந்தாள். அவளை இறக்கிவிட்டிருந்தால் இந்தக் கொழுந்தனும் வந்திருக்கமாட்டான். அப்படி எண்ணிய அதே நேரத்தில், மறுபடி அந்தச் சொசைட்டி வாசல் வந்தால் கட்டைவிரல் அழுத்துமா என்றும் கேட்டுக்கொண்டாள்.

பங்குனி பாதியில் வண்டி திரும்பி வந்தது. முதல் நாள் காலை, விளக்கு அணையக் காத்திருந்து சாவியைத் திருப்பினாள். பழைய உதறல், பழைய சத்தம். வயலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கிளம்பலாம் என்று கியரில் கை வைத்தபோது இடப்பக்கக் கதவு திறந்தது.

கோவிந்தம்மாள் ஒரு பையோடு நின்றாள். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"உளுந்து. தூத்தி எடுத்தது. கொஞ்சம் பொக வாசன அடிக்குது, விக்க முடியாது. வடைக்கு ஆவும்."

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

வண்டி திடீரென்று ‘டிங் டிங்’ என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கோவிந்தம்மாள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"இன்னாத்துக்குக் கத்துது? மறுபடி பத்திக்கிச்சா?"

"இல்லக்கா. சீட்ல கனம் கீது இல்ல? யாரோ குந்திக்கினு கீறாங்கன்னு பெல்ட்டு போடச் சொல்லுது."

"அதுக்கு இன்னா தெரியும்" என்றாள் கோவிந்தம்மாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஞானசுந்தரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். "ராஜகுளம் போவணும்னா சொல்லுங்கக்கா. ஞாயித்துக்கெழம நான் சும்மாதான் இருப்பேன்."

கோவிந்தம்மாள் கதவைப் பிடித்தபடி ஊர்ப் பக்கம் பார்த்தாள். வண்டியின் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எனுக்குப் போவணும்னா நானே கேக்கறேன். நீ கேக்காத" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வயலில் இறங்கினாள்.

ஞானசுந்தரி இடப்பக்க பெல்ட்டை இழுத்து, உளுந்துப் பையின் குறுக்காகக் கொண்டுவந்து பூட்டினாள். சத்தம் நின்றது. சொசைட்டி வாசலில் இரண்டு மூன்று பேர், முன் சீட்டில் யார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் வேகத்தடைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் குறைத்து, தாண்டி, இரண்டாவது கியரில் போட்டாள்.